பாலைவனத்துக்கு எடுத்துவைத்த விசிறிகள்

பவளத்தை யாரும் விருந்துக்குக் கூப்பிட்டதில்லை. வேலைக்குத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பது வேறு விஷயம். "நீ வந்தாத்தான் பவளம் வீடே களை கட்டும்" என்பார்கள். போய் இறங்கிச் செருப்பைக் கழற்றியதும், களை கட்டவேண்டிய இடம் அடுப்படி என்பது தெரியும்.

கோபிசெட்டிபாளையத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர் வேலை. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் பெரிய காதல் கதை இருக்கும் என்று புதிதாகப் பழகுகிறவர்கள் துருவிப் பார்ப்பார்கள், ஒன்றும் கிடைக்காது. அப்பா போனார், அம்மா படுக்கையில் விழுந்தார், தங்கை மீனாக்ஷி அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாராவது ஒருத்தி இருந்தாக வேண்டும். பவளம் இருந்தாள். அம்மா கண்ணை மூடியபோது, மாப்பிள்ளை பார்க்கிற வயதை அவள் தாண்டியிருந்தாள். அது யாருக்கும் உறுத்தவில்லை. வசதியாகப் போயிற்று என்றுகூடச் சொல்லலாம். சித்தி மகளுக்குப் பிரசவமா, மாமாவுக்கு நெஞ்சு ஆபரேஷனா, பெரியம்மா வீட்டில் கிரகப்பிரவேசமா, பவளத்துக்கு ஒரு போன் போதும்.

பெங்களூருக்கு மூன்று தடவை போயிருக்கிறாள், லால்பாக் பார்த்ததில்லை. சென்னையில் ஒரு மாதம் இருந்தவள் கடலைப் பார்த்தது, ஊர் திரும்புகிற அன்று ஆட்டோவுக்குள்ளிருந்து. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டிக்குச் சேலை கட்டிவிட்டால் பவளம்தான்.

அப்படிப்பட்டவளுக்கு அமெரிக்காவிலிருந்து போன் வந்தது. மீனாக்ஷி கல்யாணமாகிப் போய்ப் பல வருடமாக டெக்சஸில் கேட்டி என்ற ஊரில் இருக்கிறாள். ஹூஸ்டனுக்கு மேற்கே, எண்ணெய்க் கம்பெனிக்காரர்களும் ஐ.டி.காரர்களும் வீடு வாங்கிக் குவித்திருக்கிற ஊர். அவள் கணவர் ஜெயபிரகாஷும் எண்ணெய்க் கம்பெனிதான்.

"அக்கா, இந்த வருஷம் நீ இங்க வர்ற. பாஸ்போர்ட் எடு, விசா அப்ளை பண்ணிடலாம்."

"யாருக்குடி உடம்பு சரியில்ல?" என்றாள் பவளம். பழக்கதோஷம்.

மீனாக்ஷி சிரித்தாள். "யாருக்கும் இல்லக்கா. இங்க வெஸ்ட் டெக்சஸ்ல, டெசர்ட் நடுவுல ஒரு ஃபெஸ்டிவல் நடக்கும். அக்டோபர்ல, நாலு நாள். கடை கண்ணி எதுவும் இருக்காது. தண்ணி, சாப்பாடு, டென்ட் எல்லாம் நாமளே கேரி பண்ணணும். பெரிய பெரிய சிலை எல்லாம் செஞ்சு நிறுத்துவாங்க, பாட்டு, டான்ஸ்... செம்மயா இருக்கும்."

"நான் அங்க வந்து என்னடி பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். அதான் விஷயமே!"

ஒன்றும் பண்ண வேண்டாம். போனை வைத்த பிறகும் பவளம் அந்த மூன்று வார்த்தைகளையே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள். பவளத்துக்குப் பாலைவனத்தில் விழுந்தது.

பாஸ்போர்ட் எடுத்தாள். அரசு ஊழியர் வெளிநாடு போக வேண்டுமென்றால் துறையில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அதற்கு ஈரோட்டுக்கும் கோபிக்குமாக நடையாய் நடந்தாள். தலைமையாசிரியர், "பாலைவனத்துல என்னம்மா திருவிழா, தீமிதியா?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டார். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றனுங்க சார்" என்றாள் பவளம். ஆசிரியர் அறையில் அந்தச் சிரிப்பு ஒரு வாரம் ஓடியது. அவளுக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன்னைப் பற்றிச் சிரிக்க அவர்களுக்கு இதுவரை ஒரு விஷயமும் கிடைத்ததில்லையே.

விசா நேர்முகத்துக்கு முன்னால் மீனாக்ஷி போனில் பாடம் நடத்தினாள்.

"எதுக்குப் போறீங்கன்னு ஆபீசர் கேப்பாரு. டெசர்ட் ஃபெஸ்டிவல்னு சொல்லு. தங்கச்சி வீட்டுல ஒத்தாசைக்கு, யாரையாச்சும் பாத்துக்கன்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாத. வேலை பாக்க வர்றேன்னு ரிஜெக்ட் பண்ணிருவாங்க."

"நான் எதுக்குடி அப்பிடிச் சொல்றேன்? திருவிழாவுக்குத்தான வர்றேன்?"

"ஆமாக்கா. அதையே சொல்லு. ஃபெஸ்டிவலுக்கு டிக்கெட்கூடப் போட்டாச்சுன்னு சொல்லு."

"போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா."

சென்னையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற வெள்ளைக்கார அதிகாரி அரைகுறைத் தமிழில், "எதுக்கு டெக்சஸ் போறீங்க?" என்று கேட்டதும் பவளம் மடை திறந்துவிட்டாள். அங்கே கடை இல்லை, ஆளுக்கு இவ்வளவு தண்ணீர் கொண்டுபோக வேண்டும், பகலில் வெயில் கொளுத்தும், ராத்திரி குளிரும், குப்பையை ஒரு துணுக்கு விடாமல் திருப்பி எடுத்துவர வேண்டும், ஒவ்வொருவரும் முன்பின் தெரியாதவர்களுக்கு ஏதாவது ஒன்றைச் சும்மா கொடுக்க வேண்டும். மீனாக்ஷி சொன்னது, தானே வீடியோவில் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "நீங்க என்ன குடுப்பீங்க?"

"விசிறிங்க. பனையோலை விசிறி."

அவர் சிரித்தார். "நிறைய தண்ணி குடிங்க" என்று சொல்லி அனுப்பினார். விசா கிடைத்துவிட்டது.

அந்தியூர்ச் சந்தையில் விசிறிகளை மொத்தமாக வாங்கி வந்தாள். ஓரம் பிரிந்து கையைக் கிழிக்காமல் இருக்கத் தையல் மிஷினில் சிவப்பும் பச்சையுமாகத் துணிக்கரை வைத்துத் தைத்தாள். சாயங்காலங்களில் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் இரண்டு கையிலும் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்து பழகினாள். "வீட்டுல குழாய்த் தண்ணி வரலீங்களா டீச்சர்?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆய்வகத்தில் கழித்துப் போட்டிருந்த கண்ணாடி ஒன்று, கண்ணில் அமிலம் தெறிக்காமல் மாட்டிக்கொள்வது, புழுதிக்கு ஆகும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். நிலைக்கண்ணாடி முன் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டபோது சிரிப்பு தாங்கவில்லை. தனியாக இருக்கிற வீட்டில் தனக்குத் தானே சிரித்தது அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஹூஸ்டன் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அதிகாரி ஒருவர் விசிறிகளைப் புரட்டிப் பார்த்து, "இத்தனை எதற்கு?" என்றார். "டெசர்ட் ஃபெஸ்டிவல்" என்றாள் பவளம், இந்தத் தடவை ஆங்கிலத்திலேயே. அவர் ஒன்றை எடுத்து இரண்டு வீச்சு வீசிக்கொண்டு, பவ்யமாகத் திரும்ப வைத்தார்.

கேட்டியில் மீனாக்ஷியின் வீடு பெரியது. எந்த அறைக்குள் போனாலும் குளிர்ந்தது. வீட்டில் மூன்று பேர்தான்: மீனாக்ஷி, ஜெயபிரகாஷ், அவருடைய அம்மா தெய்வானை. பவளம் அவரை அத்தை என்று கூப்பிடுவாள். மூட்டு தேய்ந்துபோய், சுவரைப் பிடித்துச் சுவரைப் பிடித்து நடப்பார். பகல் முழுக்க வீட்டில் பேச ஆளில்லாமல் வாய் நமநமத்துப் போயிருந்தவர் பவளத்தைப் பார்த்ததும், "வந்துட்டியா கண்ணு, இனி எனக்கென்ன கவலை" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பேச்சில் கொஞ்சம் கூடுதல் பாரம் இருந்ததைப் பவளம் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை. பாலைவனத்துக்குப் போகிறவளுக்குப் பாதையோரம் எதுவும் கண்ணில் படாது.

கராஜில் டென்ட் பெட்டி பிரிக்காமலே கிடந்தது. வந்த மூன்றாம் நாளே அவள் அதைப் பிரித்துப் பின்பக்கப் புல்தரையில் பரப்பினாள். மீனாக்ஷிக்கும் ஜெயபிரகாஷுக்கும் வேலை, மீட்டிங், ஐ-டென் நெடுஞ்சாலை டிராஃபிக். வார இறுதியில் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, நீ சூப்பர்!" என்று போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். டென்ட்டை நிமிர்த்துவதும் மடிப்பதும் பவளத்துக்கு மட்டும்தான் கைவந்தது.

"ஏன்டி, இதுல மூணு பேரு படுக்க முடியுமா? குனிஞ்சு ரெண்டு பேரு போனாலே மூச்சு முட்டுது."

"பாத்துக்கலாம்க்கா."

பாலைவன மண்ணில் டென்ட் ஆணி பிடிக்காது, காற்றடித்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தாள். பைகளில் மண்ணை நிரப்பிக் குழிக்குள் புதைத்து, அவற்றில் கயிற்றைக் கட்ட வேண்டுமாம். தீர்ந்துபோன பழைய அரிசிப் பைகளை வெட்டிச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து, ஒவ்வொன்றுக்கும் கயிறு கோக்கக் காது வைத்து, டென்ட் உறையின் அடியில் மடித்து வைத்தாள். புளிக்காய்ச்சல் கிண்டினாள். நாள்பட நிற்கிற மாதிரி அரிசிமாவும் வெல்லமும் சேர்த்துக் கச்சாயம் சுட்டுப் பார்த்தாள். இதற்கு நடுவே மூன்று வேளைச் சமையலும், அத்தைக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் அவளிடம் வந்து சேர்ந்திருந்தன. யாரும் சொல்லவில்லை. அவள் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். மீனாக்ஷி மட்டும் அவ்வப்போது, "அத்தை மாத்திரை எல்லாம் இங்க இருக்குக்கா. வாக்கரை இப்படித்தான் மடிக்கணும். சும்மா தெரிஞ்சு வெச்சுக்கோ" என்பாள். பவளமும் சும்மா தெரிந்துவைத்துக்கொண்டாள்.

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு மத்தியானம். பின்கட்டில் அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பவளம் புல்தரையில் டென்ட்டை மடித்துக்கொண்டிருந்தாள். அத்தை பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

"எனக்கு இந்த ஆபரேசன்னா நெம்பப் பயங் கண்ணு. மாசி மாசமே டாக்டரு பண்ணோணும்னு சொல்லிட்டாரு. நாந்தான் முடியாதுன்னு புடிவாதமா இருந்தேன். அப்பறம் மீனாக்ஷிதான், பவளம் அக்கா வருது, கூடவே இருந்து பாத்துக்குமுன்னு சொன்னா. அதுக்கப்பறந்தான் சரீன்னேன்."

பவளத்தின் கை நின்றது. "என்ன ஆபரேசனுங்கத்தை?"

"மூட்டு மாத்தறதுதான். வர்ற திங்கக்கெழமைக்கு அடுத்த திங்கக்கெழமை. பண்ணுன மக்யா நாளே ஊட்டுக்கு அனுப்பிருவாங்களாமா. வெசாழக்கெழமை இவுங்க ரெண்டு பேரும் திருவிழாவுக்குக் கெளம்பிருவாங்க. புள்ளைக பாவம், ஊரப் பாக்கட்டும். நீ இருக்கறப்ப எனக்கென்ன?"

பவளம் டென்ட்டின் கடைசி மடிப்பை மடித்தாள். பைக்குள் திணித்தாள். சுருக்குக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் புல்லில் அப்படியே உட்கார்ந்தாள்.

அத்தைக்கு வயதாகியிருந்தாலும் கண் மங்கவில்லை. "உனக்குத் தெரியாதா கண்ணு?"

"இப்பத்தானுங்கத்தை தெரியுது."

கதை சொல்கிற எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் எரிச்சலாக வருகிறது, சொல்லிவிடுகிறேன். கேட்டியானாலும் பிளானோவானாலும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கானாலும், நம்மவர் வீடுகளில் இது ஒரு சடங்கு. மகளின் பேறுகாலம் பார்க்க வருகிற தாய், விசா ஜன்னலில் நிற்கும்போது நயாகரா அருவிமேல் தீராத ஆசை கொண்டவள் ஆகிவிடுவாள். பேரனைத் தூக்கிவைத்திருக்க வருகிற தாத்தா, சுதந்திர தேவி சிலையைப் பார்க்காமல் கண் மூடமாட்டேன் என்பார். எல்லோருக்கும் தெரிந்த பொய். சொல்லிக்கொடுக்கிறவருக்குத் தெரியும், சொல்கிறவருக்குத் தெரியும். ஜன்னலைத் தாண்டியதும் அருவியை மறந்துவிட்டு டயப்பரைக் கையில் எடுப்பார்கள். விசாவுக்கென்று எழுதிக்கொடுத்த வசனத்தை உண்மை என்று நம்பி, அதற்கு விசிறி வாங்கி, கரை வைத்துத் தைத்து, கேனைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் நடந்தவள், அந்த வரிசையிலேயே பவளம் ஒருத்தி மட்டும்தான் இருப்பாள்.

சாயங்காலம் மீனாக்ஷி வேலையிலிருந்து வந்து லேப்டாப் பையை வைப்பதற்குள் பவளம் கேட்டாள். "எத்தனை டிக்கெட்டுடி போட்ட?"

மீனாக்ஷி அத்தையின் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். புரிந்துகொண்டாள். "அக்கா, நான் சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"எத்தனை?"

"ரெண்டு."

ஜெயபிரகாஷ் அடுப்படி வாசல் வரைக்கும் வந்தார். நிலைமை கண்டார். ஆபீஸ் கால் இருக்கிறது என்று செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே கராஜுக்குப் போய்விட்டார். போன் அடிக்கவே இல்லை.

"விசாவுக்கு ஒரு ரீசன் வேணும்க்கா. இங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. ஆபரேஷனுக்குப் பாத்துக்க வர்றேன்னு சொன்னா குடுக்க மாட்டாங்க. நீ நம்பிட்ட. நம்பினதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நீ அவ்ளோ ஹேப்பியா இருந்த."

"அப்ப சர்ஜரி தேதி?"

"அது ஹாஸ்பிடல்ல குடுத்ததுக்கா. ஃபெஸ்டிவல் டேட்டும் மாறாது. எங்களுக்கு இந்த டிக்கெட் கிடைக்கறதே கஷ்டம், மூணு வருஷமா டிரை பண்றோம். இங்க ஆள் வெச்சுப் பாத்துக்கறதெல்லாம் கட்டுப்படியாகாது. அப்புறம் அங்க வெயில், புழுதி, உனக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது..."

"கோபியில என்ன, பனியா கொட்டுது?"

மீனாக்ஷி அழ ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்தே அவள் அழுதால் பவளம்தான் முந்தானையால் துடைத்துவிடுவாள். இன்றைக்குப் பவளத்தின் கை நகரவில்லை.

"அந்த ஆபீசர் முன்னால நின்னு நான் பல்லக் காட்டிட்டுப் பொய் சொல்லியிருக்கேன். பொய்னு எனக்கே தெரியாது. அந்த மனுசன் தண்ணி நெறையக் குடிங்கன்னு சொல்லி அனுப்பிச்சாரு. அவருக்கு இருந்த அக்கறைகூட உனக்கு இல்லாமப் போச்சு."

"ஸாரிக்கா."

"கேட்டிருந்தா வந்திருப்பேன்டி." பவளம் விடவில்லை. "அத்தைக்கு ஆபரேசன், வாக்கான்னு ஒரு வார்த்தை. நான் எந்த வீட்டுக்குப் போகாம இருந்திருக்கேன்? வீடு களை கட்டும் வா வான்னுதான் அத்தனை பேரும் கூப்புட்டாங்க. அது பொய்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆரும் எனக்கு ஆசை காட்டுல. நீதான்டி காட்டின. ஒண்ணும் பண்ண வேண்டாம்னு சொன்னியே, எந்த வாயிலடி சொன்ன?"

"அடுத்த வருஷம் கண்டிப்பா உன்னக் கூட்டிட்டுப் போறேன்க்கா. ப்ராமிஸ்."

பவளம் அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கோபித்துக்கொண்டு கிளம்பிப் போகலாம் என்றால், கேட்டியில் கார் இல்லாமல் தெருமுனைப் பால் கடைக்குக்கூடப் போக முடியாது. பயணச்சீட்டை மாற்றலாம், அதற்கும் மீனாக்ஷியிடம்தான் கேட்க வேண்டும். அதையெல்லாம் விட, உள்ளே ஒரு கிழவி இவளை நம்பி முழங்கால் மூட்டை அறுக்கக் கொடுக்கப் போகிறாள். அவள் என்ன பாவம் செய்தாள்? "அத்தைக்காக இருக்கறேன். உனக்காக இல்ல" என்று மறுநாள் காலை தங்கையிடம் சொன்னாள். மீனாக்ஷிக்கு அதில் 'இருக்கறேன்' என்பது மட்டும் காதில் விழுந்திருக்க வேண்டும். அன்றைக்கே முகம் தெளிந்துவிட்டது.

ஆபரேஷன் நல்லபடி நடந்தது. அத்தை வீட்டுக்கு வந்தார். வலியில் இரண்டு நாள் முனகினார். பவளம் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தாள்.

வியாழக்கிழமை காலை கார் நிரம்பியது. தண்ணீர்க் கேன்கள், புளிக்காய்ச்சல் பாட்டில், கச்சாய டப்பா, டென்ட், எல்லாம் பவளம் கட்டிவைத்தவை. டென்ட்டை ஏற்றும்போது ஜெயபிரகாஷ் அடியில் இருந்த பைகளை இழுத்துப் பார்த்தார்.

"இந்தப் பழைய அரிசிப் பை எல்லாம் எதுக்குங்க?"

பவளம் வாயைத் திறந்தாள். அதற்குள் மீனாக்ஷி, "குப்பை போடறதுக்கா இருக்கும், விடுங்க. அங்க டிராஷ் எல்லாம் நாமதான திருப்பிக் கொண்டுவரணும்" என்றாள். பவளம் வாயை மூடிக்கொண்டாள்.

எல்லாம் ஏற்றி முடித்தபின் மீனாக்ஷி தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். "அக்கா... அந்த விசிறி... அங்க எல்லாரும் ஏதாச்சும் கிஃப்ட் பண்ணணும். நாங்க ஒண்ணும் ரெடி பண்ணல. நீ இவ்ளோ கஷ்டப்பட்டுத் தைச்சது வீணாப் போக வேண்டாமே? உன் பேரச் சொல்லியே குடுக்கறேன்."

பவளம் அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். கேட்க வாய் வந்ததே என்று ஆச்சரியமாக இருந்தது. மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஒரே ஒரு விசிறியை எடுத்து அத்தையின் படுக்கையில் வைத்தாள். மீதி அத்தனையையும் கட்டோடு கொண்டுவந்து தங்கையின் கையில் கொடுத்தாள். முன்பின் தெரியாதவர்களுக்குச் சும்மா கொடுக்கத்தானே தைத்தாள்? யாரோ ஒருவருக்காவது காற்று வரட்டும். ஆனால் கார் திரும்பித் தெருமுனையில் மறைந்த பிறகும் அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் போக வேண்டிய இடத்துக்கு அவள் தைத்த விசிறி போகிறது, அவள் சுட்ட கச்சாயம் போகிறது. அவள் மட்டும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை முற்பகல், அத்தையை வாக்கர் பிடித்து மெல்ல நடத்திக் கூட்டிவந்து பின்கட்டில் உட்காரவைத்திருந்தாள். அக்டோபர் ஆகியும் ஹூஸ்டன் பக்கத்துப் புழுக்கம் விடவில்லை. அத்தை விசிறிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. காலுக்கு மருந்து தடவிய கை என்பதால், ஒற்றை விரலால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு மேசைமேல் வைத்தாள்.

முதலில் காற்றுச் சத்தம்தான் வந்தது. எங்கோ தூரத்தில் தாளம், நிறையப் பேர் கத்திச் சிரிக்கிற ஓசை. பிறகு மீனாக்ஷி.

"அக்கா! இங்க ஒரு மேட்டு மேல ஏறினாத்தான் சிக்னல். டென்ட் நிக்கவே மாட்டேங்குதுக்கா! ஆணி அடிக்க அடிக்கப் புடுங்கிட்டு வருது. நேத்து ராத்திரி ஃபுல்லா கார்லதான் உக்காந்துட்டே தூங்கினோம், இடுப்பு போச்சு. நீ என்னமோ வீடியோ எல்லாம் பாத்தியே, எப்படிக்கா கட்டறது? சொல்லுக்கா. அப்புறம் உன் விசிறி இங்க செம்ம ஹிட்டு. ஒரு மணி நேரத்துல காலி! எங்கிருந்து கிடைச்சுதுன்னு எல்லாரும் எங்கிட்டதான் கேக்கறாங்க!"

பவளத்துக்கு எல்லாம் தெரிந்தது. பைகள் காருக்குள்ளேதான் இருக்கின்றன. மண்ணை நிரப்பு, குழி தோண்டிப் புதை, காதில் கயிற்றைக் கட்டு. மூன்று வாக்கியம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் யார் என்ன கேட்டாலும் சொல்லிக்கொடுத்துப் பழகிய நாக்கு.

"அக்கா? கேக்குதா?"

காற்று ஊளையிட்டது. தாளம் நிற்கவில்லை.

"ஹலோ?" என்றாள் பவளம். "மீனா? ஹலோ? ஒண்ணுமே கேக்கலடி. சிக்னல் இல்லையாட்ட இருக்குது. ஹலோ..."

"அக்கா, எனக்கு நல்லாக் கேக்குது! அக்கா..."

பவளம் அதே ஒற்றை விரலால் அழைப்பைத் துண்டித்தாள். தெரிந்தே சொன்ன முதல் பொய்.

"ஆரு கண்ணு?" என்றார் அத்தை.

"மீனாதானுங்கத்தை. ஒண்ணும் சரியாக் கேக்கலீங்க."

அத்தை விசிறியை நிறுத்தினார். "எனக்கு இங்க வரைக்கும் கேட்டுதே" என்றார். குரலில் குற்றம் சொல்கிற மாதிரி எதுவும் இல்லை. "இருக்கட்டும். எம் மகனும் அந்தக் கார்லதான படுத்திருக்கான். படுக்கட்டும். நீ வந்து உக்காரு."

பவளம் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போக இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரம் ஆகியிருந்தது. அத்தை விசிறியை அவள் பக்கமாகத் திருப்பி வீச ஆரம்பித்தார். சிவப்புக்கரை வைத்த விசிறி. அவளே தைத்த தையல். காற்று முகத்தில் பட்டதும் கண்ணில் கட்டியிருந்ததெல்லாம் இறங்கி வழிந்தது, துடைக்கவில்லை.

போன் மறுபடி அடித்தது. மீனாக்ஷியின் பெயர் வந்து வந்து மறைந்தது. பவளம் அதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் பண்ணாமல் உட்கார்ந்திருந்தாள்.